விசை இல்லாத ஆயுதம்

சங்கமித்ராவின் இடது மணிக்கட்டில் அரண் பட்டையைக் கட்டிவிட்ட பெண்ணுக்கு அவளுடைய பழைய மாணவிகளின் வயதுதான் இருக்கும். பெயர் நிரஞ்சனா. கருவியைத் தயாரித்த நிறுவனம் அந்த வட்டாரப் பள்ளிகளுக்கெல்லாம் அவளைத்தான் பொறியாளராக அனுப்பியிருந்தது. தாழையூர் அரசு மேல்நிலைப் பள்ளியின் ஆசிரியர் அறையில் மற்ற எல்லோரும் கட்டிக்கொண்டு முடித்த பிறகே சங்கமித்ரா கையை நீட்டினாள்.

இறுக்கமாக இருந்தால் சொல்லச் சொன்னாள் நிரஞ்சனா. இறுக்கமாகத்தான் இருந்தது. பரவாயில்லை என்றாள் சங்கமித்ரா.

இதில் சுடுவதற்கு விசையே இல்லையா என்று உடற்கல்வி ஆசிரியர் பிரதீப் பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக் கேட்டார். குரலில் கொஞ்சம் ஏமாற்றம் இருந்தது.

“இல்ல சார். நீங்க முடிவே எடுக்க வேண்டாம். யோசிக்கிற அந்த நேரத்துலதான் உயிர் போயிடுது. ஆபத்துன்னா உங்க மனசுக்குத் தெரியறதுக்கு முன்னாடி உடம்புக்குத் தெரிஞ்சிடும். நாடி, வேர்வை, மூச்சு, சதை இறுகறது, எல்லாத்தையும் இது கேட்டுக்கிட்டே இருக்கும். சாதாரணமா இருந்தா பச்சை. யாரையாவது பார்த்துப் பயந்தீங்கன்னா மஞ்சள், லேசா அதிரும். பயம் எல்லை தாண்டிச்சுன்னா சிவப்பு. அப்போ அதுவே சுட்டுடும்.”

தலைமுடி அளவே உள்ள ஊசி அது. பட்டவரின் தசைகள் சில நிமிடங்களுக்கு இயங்காது. உயிருக்கு ஒன்றும் ஆகாது. சிறு வகுப்புப் பிள்ளைகளை நோக்கிச் சுடாதபடி பூட்டு உண்டு. மேல்நிலை வகுப்புகளுக்கு அந்தப் பூட்டு கிடையாது.

“பயம் தப்பா இருந்தா?” என்று சங்கமித்ரா கேட்டாள்.

நிரஞ்சனாவுக்குக் கேள்வி புரியவில்லை. “பயம் எப்படி மேடம் தப்பா இருக்கும்? பயந்தா பயம்தானே.”

இதெல்லாம் தொடங்கியது மேற்கே ஒரு சிறிய ஊரில். படிப்பை முடித்துப் போன ஓர் இளைஞன் நாட்டுத் துப்பாக்கியோடு தன் பழைய வகுப்பறைக்குள் நுழைந்தான். அவன் வெளியே கொண்டுவரப்படுவதற்குள் பிள்ளைகள் பலர் இறந்துபோனார்கள். ஆசிரியர்கள் கையில் ஆயுதம் இருந்திருந்தால் என்ற பேச்சு அன்று மாலையே எழுந்தது. முதலில் கைத்துப்பாக்கிகள் தந்தார்கள். ஒரு பள்ளியில் அது ஆசிரியரின் மேசை இழுப்பறையிலிருந்து காணாமல் போயிற்று. இன்னொரு பள்ளிக்குள் ஒருவன் நிஜமாகவே அரிவாளோடு வந்தபோது, பயிற்சியில் முதலிடம் பெற்ற அறிவியல் ஆசிரியர் துப்பாக்கியைப் பிடித்தபடி உறைந்துபோய் நின்றார். ஆசிரியரால் சுட முடியாது என்று ஒரு சாரார் சொன்னார்கள். சுடவே கூடாது என்று இன்னொரு சாரார் சொன்னார்கள். இரு சாராருக்கும் விடையாக அரண் வந்து சேர்ந்தது.

மாவட்டக் கருத்துக்கேட்புக் கூட்டத்தில் ஆசிரியர் சங்கத்தின் சார்பில் எதிர்த்துப் பேசியவள் சங்கமித்ராதான். ஆயுதம் கட்டிய ஆசிரியருக்கு எதிரே நிற்பது பிள்ளை என்பது மறந்துபோகும் என்றாள். கைதட்டல் அடங்குவதற்குள் பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். அவருடைய மகள் மேற்கே உள்ள அந்த ஊர்ப் பள்ளியில் உயிர் தப்பியவள். இப்போதும் கதவு சாத்தும் சத்தம் கேட்டால் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்கிறாளாம். நீங்கள் சொல்வது எல்லாம் நியாயம்தான் மிஸ், ஆனால் மறுபடி ஒருவன் வந்தால் என்ன செய்வீர்கள் என்று அவர் பணிவாகவே கேட்டார். சங்கமித்ரா ஒலிவாங்கியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள். சட்டம் வந்தது. அரண் கட்டாதவர் வகுப்புக்குள் போகக் கூடாது என்றது சட்டம். அவளும் கட்டிக்கொண்டாள்.

பிள்ளைகளுக்கு அவளைப் பிடிக்கும். பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கு ஆசிரியை. பள்ளியின் பாதிப் பிள்ளைகள் புதுமேட்டிலிருந்து வந்தார்கள். நகரத்தின் ஆற்றங்கரைக் குடிசைகளை அகற்றியபோது, அங்கிருந்த குடும்பங்களை லாரிகளில் ஏற்றிக் கொண்டுவந்து குடிவைத்த, வீட்டுவசதி வாரியத்தின் அடுக்குமாடிகள் அவை. தாழையூர்க்காரர்கள் அதை ‘போர்டு’ என்பார்கள். வீட்டில் எதுவும் தொலைந்தால் முதலில் அந்தத் திசையைப் பார்ப்பார்கள். சங்கமித்ரா அப்படிப் பேசுகிறவர்களோடு சண்டை போடுகிறவள். சனிக்கிழமைகளில் போர்டுப் பிள்ளைகளுக்குத் தனியாக வகுப்பு எடுத்தாள். அவளுடைய அப்பா அச்சகத் தொழிலாளி, தொழிற்சங்கக்காரர். அவளைப் பள்ளியில் சேர்த்தபோது சாதி என்ன என்று கேட்டதற்குச் சொல்ல மறுத்துவிட்டு வந்தவர். அந்த வீட்டில் வளர்ந்ததை அவள் பெருமையாகச் சொல்லிக்கொள்வாள்.

அவளுடைய பட்டை முதல்முறை அதிர்ந்தது நிகழ்தகவுப் பாடம் முடிந்த ஒரு காலைப் பொழுதில்.

அபினேஷ் சந்தேகம் கேட்க மேசைக்கு வந்திருந்தான். போர்டுப் பையன். வகுப்பிலேயே உயரம். கட்டைக் குரல். ஒரு புருவத்தில் பந்து பட்ட தழும்பு. மேசையில் இரண்டு கைகளையும் ஊன்றிக் குனிந்து பேசுவது அவன் வழக்கம். அன்றும் அப்படித்தான் குனிந்தான். மணிக்கட்டில் பூச்சி ஊர்ந்தது போல இருந்தது. குனிந்து பார்த்தாள். மஞ்சள்.

அவனும் பார்த்தான். ஒரு கணம் கழித்து மேசையிலிருந்து கைகளை எடுத்துக்கொண்டான்.

கருவியில் கோளாறு என்றே அவள் நினைத்தாள். மறுநாள் அவன் கரும்பலகையில் கணக்குப் போட எழுந்து வந்தபோது மறுபடி அதிர்ந்தது. மதிய இடைவேளையில் படிக்கட்டில் எதிர்ப்பட்டபோதும் அதிர்ந்தது. தலைமையாசிரியர் தயாநிதியிடம் சொல்லி நிரஞ்சனாவை வரவழைத்தாள். ஆய்வகத்தில் வைத்துப் பட்டையைக் கழற்றி, ஏதேதோ கருவிகளில் மாட்டிப் பார்த்துவிட்டு, அதில் பழுது எதுவும் இல்லை என்றாள் நிரஞ்சனா.

அப்படியென்றால் ஏன் அந்த ஒரு பையனிடம் மட்டும் என்று சங்கமித்ரா கேட்டாள்.

“அவன்கிட்ட உங்களுக்குப் பயம் இருக்கு மேடம்.”

“எனக்கு அப்படி ஒண்ணும் இல்லம்மா. நல்ல பையன் அவன்.”

“இருக்கலாம். நல்ல பையனான்னு இது பார்க்கறதில்ல.” நிரஞ்சனா கொஞ்சம் தயங்கிவிட்டுத் தொடர்ந்தாள். “நீங்க சங்கடப்படாதீங்க. இது உங்க ஒருத்தருக்கு மட்டும் இல்ல. நான் போற எல்லா ஸ்கூல்லயும் மஞ்சள் விழற பசங்க பெரும்பாலும் ஒரே மாதிரி இடத்துலேர்ந்துதான் வர்றாங்க. ஒரு ஊர்ல குப்பத்துப் பசங்க, இன்னொரு ஊர்ல காலனிப் பசங்க, இங்க போர்டு. ஒருத்தரை ஒருத்தர் பார்க்காத டீச்சர்ஸ் எல்லாரும் ஒரே பசங்களைப் பார்த்துப் பயப்படறாங்கன்னா, கருவி சரியா வேலை செய்யுதுன்னுதானே அர்த்தம்? எங்க கம்பெனியில அப்படித்தான் சொல்றாங்க.”

 அப்படி இல்லை என்று நிரூபிக்கச் சங்கமித்ராவிடம் இருந்தது அவளுடைய உடம்பு ஒன்றுதான். அது எதிர்த்தரப்பில் இருந்தது.

நிரஞ்சனா இன்னொன்றும் சொன்னாள். ஒரே மாணவனிடம் ஒரே ஆசிரியருக்குத் தொடர்ந்து மஞ்சள் விழுந்தால், அந்த மாணவனைக் கருவியே ‘கவன மாணவர்’ என்று பள்ளிக்கு அறிவித்துவிடும். அதை ஆட்சேபிக்க ஆசிரியருக்கு உரிமை உண்டு. ஆனால் பையனிடம் தவறில்லை என்றால், ஆசிரியரின் பயம் ஆதாரமற்றது என்று ஆகும். ஆதாரமற்ற பயம் உள்ளவர் அரண் கட்டத் தகுதியற்றவர். வகுப்புக்குப் போக முடியாது.

யோசித்துச் சொல்வதாகச் சொன்னாள் சங்கமித்ரா. எதை யோசிக்கப் போகிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

அன்று வீட்டுக்குப் போகும் பேருந்தில், தனக்கு எப்போதாவது அப்படிப்பட்ட யாராலாவது கெடுதல் நேர்ந்திருக்கிறதா என்று தேடிப் பார்த்தாள். ஒன்றுகூட இல்லை. சிறுவயதில் அப்பாவோடு ஆற்றங்கரைப் பாலத்தைக் கடந்து போனதுதான் நினைவுக்கு வந்தது. குடிசைகள் வரும் இடத்தில் அப்பாவின் கை அவள் கையைக் கொஞ்சம் அழுத்திப் பிடிக்கும். பாலம் முடிந்ததும் தளரும். வாயால் அவர் ஒருநாளும் தப்பாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. கூட்டம் போட்டு அந்த மக்களுக்காகப் பேசியவர். அந்தக் கை மட்டும் தனியாக எதையோ சொல்லிக்கொண்டே வந்திருக்கிறது. அவள் அதைக் கேட்டுக்கொண்டே வளர்ந்திருக்கிறாள்.

ஆட்சேபிக்கவில்லை. இன்னும் ஒரு வாரம் போகட்டும், தானாகச் சரியாகும் என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். பாடம் நடத்தும்போது அவன் பக்கம் பார்ப்பதைக் குறைத்தாள். மூச்சை நிதானமாக விடப் பழகினாள். அதற்குள் அறிவிப்பு வந்துவிட்டது. அபினேஷ் கவன மாணவர் ஆனான். காலையில் மற்ற பிள்ளைகள் பெரிய வாசலில் நுழைந்து போக, அவனும் இன்னும் சிலரும் பக்கத்து வாசலில் பைகளைக் கொட்டிக் காட்டிவிட்டு வந்தார்கள். அந்தச் சிலரும் புதுமேட்டுப் பிள்ளைகள்தான்.

யாருடைய பட்டை யாரைப் பார்த்து மஞ்சளாகிறது என்பது பிள்ளைகளுக்கு விளையாட்டாகிவிட்டிருந்தது. வேதியியல் ஆசிரியருக்குப் பின்னால் போய்த் திடீரென்று தும்முவார்கள். மஞ்சள் விழுந்தால் ஓடுவார்கள். அபினேஷ் அந்த விளையாட்டில் சேரவில்லை. அவன் வேறொன்றைப் பழகிக்கொண்டான். வராந்தாவில் அவளைக் கண்டால் தூரத்திலேயே நின்று, அவள் தன்னைப் பார்த்துவிட்டாள் என்று உறுதியான பிறகே நடந்தான். மெதுவாக நடந்தான். குரலைத் தணித்துக்கொண்டான். அந்தக் கட்டைக் குரலை எப்படித் தணித்தாலும் கொஞ்சம் கரகரத்தது. சந்தேகம் இருந்தால் தன் இடத்திலிருந்தே கேட்டான். பிறகு கேட்பதை விட்டுவிட்டான். கடைசிப் பெஞ்சின் சுவரோரத்துக்கு யாரும் சொல்லாமலே மாறிக்கொண்டான்.

ஒருநாள் வகுப்பு கலைந்த பிறகு அவன் மட்டும் வாசலில் நின்றான். “மிஸ், முடி வெட்டிட்டு வந்தா சரியாகுமா?” என்று கேட்டான். எது சரியாக வேண்டும் என்று இருவரும் சொல்லிக்கொள்ளவில்லை. அதெல்லாம் ஒன்றும் இல்லை, நீ நன்றாகப் படி என்று சொல்லி அனுப்பினாள். மறுநாள் ஒட்ட வெட்டிக்கொண்டு வந்தான். தழும்பு இன்னும் நன்றாகத் தெரிந்தது. அவள் பட்டை அதிர்ந்தது.

கார்த்திகை மாத மழை விடாமல் பெய்த ஒரு பிற்பகலில் பள்ளியில் மின்சாரம் நின்றுபோயிற்று. பிள்ளைகளைச் சீக்கிரம் அனுப்பிவிட்டார்கள். சங்கமித்ரா மாடி வகுப்பிலிருந்து கிளம்பிப் படிக்கட்டுக்கு வந்தாள். தகரக் கூரையில் மழை கொட்டிய சத்தத்தில் வேறெதுவும் கேட்கவில்லை. குடையை வகுப்பிலேயே விட்டுவிட்டது அவளுக்கு நினைவில்லை.

பின்னாலிருந்து அபினேஷ் கூப்பிட்டிருக்கிறான். ஒரு தரமல்ல, பல தரம். அவளுக்குக் கேட்கவில்லை. அவள் படியிறங்கிப் போய்விடுவாளே என்ற அவசரத்தில், இத்தனை நாள் பழகி வைத்திருந்த மெதுநடையை மறந்து ஓடி வந்தான். அவள் திரும்பியபோது கைக்கெட்டும் தூரத்தில் நின்றான். கையில் மடக்கிய குடை. மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

அவன் யார் என்பது அவளுக்குத் தெரிந்தது. அபினேஷ் என்று மனதில் பெயர்கூட வந்துவிட்டது. பட்டை அதற்குப் பிறகுதான் சிவந்தது.

அவன் சத்தம் போடவில்லை. உடம்பு விறைத்து, அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து, படிகளில் உருண்டான். கீழே தலைமையாசிரியர் அறையிலிருந்து ஓடிவந்தவர்கள் தூக்கியபோது அவன் கண்கள் திறந்திருந்தன. நகர முடியாமல் மேலே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். வலது முழங்கை எலும்பு இரண்டாக முறிந்திருந்தது என்று மருத்துவமனையில் சொன்னார்கள்.

விசாரணைக்கு முன் தலைமையாசிரியர் தயாநிதி அவளைத் தன் அறைக்கு அழைத்துப் பேசினார். நல்ல மனிதர்தான், யாருக்கும் தொந்தரவு வரக் கூடாது என்று நினைப்பவர். பையன் ஏற்கெனவே கவன மாணவர், பின்னாலிருந்து ஓடி வந்திருக்கிறான், கையில் கம்பி மாதிரி ஏதோ இருந்திருக்கிறது, நீங்கள் பயந்ததில் ஆச்சரியம் என்ன என்றார். அது என் குடை சார் என்றாள் அவள். அந்த நேரத்தில் உங்களுக்கு அது குடை என்று தெரியுமா, அதுதானே கேள்வி என்றார் அவர்.

அவள் உண்மையைச் சொல்வது என்ற முடிவோடுதான் விசாரணை அதிகாரியின் முன் போய் உட்கார்ந்தாள். சொல்ல வேண்டிய வாக்கியங்களைப் பேருந்தில் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருந்தாள். அதிகாரி அவளுக்குத் தேநீர் வரவழைத்தார். நீங்கள் சிரமப்பட வேண்டாம், பையன் காலையில் அம்மாவோடு வந்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிட்டான் என்றார்.

எதை ஒப்புக்கொண்டான் என்று அவளுக்குப் புரியவில்லை.

மிஸ்ஸைப் பயமுறுத்திப் பார்க்க வேண்டும் என்றே பின்னாலிருந்து ஓடி வந்ததாக அவன் சொல்லியிருக்கிறான். இனிமேல் அப்படிச் செய்ய மாட்டேன் என்றும் சொன்னானாம். வயதையும் ஒப்புக்கொண்ட பண்பையும் பார்த்து, பொதுத்தேர்வு எழுத அவனுக்கு அனுமதி கொடுத்துவிடலாம் என்று நினைப்பதாக அதிகாரி சொன்னார்.

சங்கமித்ராவின் மார்புக்குள் எதுவோ இளகியது. அது நிம்மதி என்று உணர்ந்ததும் தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்துவிட்டாள்.

“இல்ல சார். அவன் ஒண்ணும் பண்ணலை. நான் விட்டுட்டு வந்த குடையைக் கொடுக்க வந்தான்.”

அதிகாரி பேனாவை மூடிவிட்டு அவளைப் பார்த்தார். “அப்புறம் ஏன் மேடம் பயந்தீங்க?”

அந்தக் கேள்விக்கான பதிலையும் அவள் தயார் செய்துகொண்டுதான் வந்திருந்தாள். ஒரே ஒரு வாக்கியம். அது நாக்கு நுனி வரை வந்தது.

“இருட்டா இருந்தது சார். யாருன்னு தெரியல.”

அவர் தலையசைத்தார். அவர் முகத்தில் மரியாதை படர்வதை அவள் கண்டாள். பையன் தானே ஒப்புக்கொண்ட பிறகும் அவனைக் காப்பாற்றப் பார்க்கிறீர்கள், உங்களைப் போன்றவர்கள் இருப்பதால்தான் இந்தப் பிள்ளைகள் கொஞ்சமாவது தேறுகிறார்கள் என்றார். வாசல் வரை வந்து வழியனுப்பினார். அன்று மாலைக்குள் அது பள்ளியின் எல்லாக் கைப்பேசிகளுக்கும் போய்விட்டது. தாக்க வந்த மாணவனை மன்னித்த ஆசிரியை. பெற்றோர்கள் கைகூப்பும் படங்கள் அனுப்பினார்கள். கருத்துக்கேட்புக் கூட்டத்தில் அவளுக்கு எதிராகப் பேசியவர்கள்கூடப் பாராட்டினார்கள். அவள் யாருக்கும் மறுப்புச் சொல்லவில்லை. இரண்டு நாள் கைப்பேசியை எடுக்காமல் இருந்தாள், அவ்வளவுதான்.

மூன்றாவது நாள் மாலை புதுமேட்டுக்குப் போனாள். இத்தனை வருடங்களில் அவள் அந்தக் குடியிருப்புக்குள் காலடி வைத்தது அதுவே முதல்முறை. சனிக்கிழமை வகுப்புக்குப் பிள்ளைகள்தான் வந்திருக்கிறார்கள். அவள் போனதில்லை.

அபினேஷின் அம்மா பவித்ரா அலுவலகம் ஒன்றில் துப்புரவு வேலை பார்ப்பவள். அப்போதுதான் வீடு திரும்பியிருந்தாள், சீருடைகூட மாற்றவில்லை. சங்கமித்ராவைக் கண்டதும் அவள் முகம் மாறியது. ஆனாலும் உள்ளே வாங்க டீச்சர் என்றாள். ஒரே அறை. கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அபினேஷ் தரையில் உட்கார்ந்திருந்தான். எழுந்திருக்கப் போனவனை வேண்டாம் என்றாள் சங்கமித்ரா. அவள் மணிக்கட்டில் பட்டை இல்லை. சுட்ட கருவியை விசாரணைக்காக எடுத்துப் போயிருந்தார்கள். அவன் பார்வை அங்கே ஒரு கணம் நின்றுவிட்டு நகர்ந்தது.

ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டாள். பரீட்சை எழுத விட மாட்டார்கள் என்று யாராவது மிரட்டினார்களா?

“யாரும் மிரட்டல மிஸ். நானாதான் சொன்னேன்.”

“செய்யாததை எதுக்குடா செஞ்சேன்னு சொன்ன?”

அவன் கட்டின் ஓரத்தில் பிரிந்த நூலைச் சுற்றிக்கொண்டிருந்தான். அவள் பாடம் எடுக்கும்போது விடை தெரிந்தும் சொல்லத் தயங்குகிறவன் போல இருந்தது முகம்.

“நான் ஒண்ணுமே பண்ணாம நீங்க பயந்தீங்கன்னு வச்சிக்கங்க மிஸ். அப்போ நான் இன்னா பண்ணி அத்த மாத்துறது? முடி வெட்டிப் பாத்தேன். மெதுவா நடந்து பாத்தேன். பண்ணேன்னு சொன்னா, இனிமே பண்ணமாட்டேன்னாவது சொல்லலாம்ல.”

பவித்ரா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு அடுப்பில் எதையோ கிளறினாள். அடுப்பு பற்றவைக்கப்படவே இல்லை.

சங்கமித்ரா அப்போதுதான் அந்த வாக்கியத்தைச் சொன்னாள். இருட்டாக இருந்தது என்று சொன்னது பொய். உன்னை எனக்குத் தெரிந்தது. தெரிந்த பிறகுதான் பயந்தேன். நீ இங்கிருந்து வருகிறவன் என்பதால் பயந்தேன். வேறு காரணம் கிடையாது. இதைச் சொல்லும்போது அவள் அவன் முகத்தைப் பார்க்க நினைத்தாள். முடியவில்லை. அவன் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டு சொல்லி முடித்தாள்.

“தெரியும் மிஸ்,” என்றான் அபினேஷ்.

அவன் குரலில் கோபம் இருந்திருந்தால் அவளால் அங்கே இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்க முடிந்திருக்கும்.

பவித்ரா படிக்கட்டு வரை வந்தாள். அங்கே நின்று, முதல்முறையாக அவளை நேராகப் பார்த்தாள். “இங்க வந்து சொன்னீங்களே டீச்சர், அது சரி. ஆனா எங்களுக்கு அது புதுசா? தெரியாதவங்க கிட்ட போய்ச் சொல்லுங்க.” அதற்கு மேல் எதுவும் பேசாமல் உள்ளே போய்விட்டாள். இறங்கும்போது எதிரே இளைஞர்கள் சிலர் ஏறி வந்தார்கள். அவளைக் கண்டதும் சுவரோடு ஒட்டி வழிவிட்டார்கள். அவர்களைக் கடந்த பிறகுதான், கைப்பை தன் நெஞ்சோடு இறுகியிருப்பதைச் சங்கமித்ரா பார்த்தாள்.

அடுத்த திங்கட்கிழமை காலை, பிரார்த்தனைக்கு முன் ஆசிரியர் அறையில் சிறிய பாராட்டு விழா ஏற்பாடாகியிருந்தது. தலைமையாசிரியர் தயாநிதி பொன்னாடை வாங்கி வைத்திருந்தார். புதிய பட்டையைக் கட்டிவிட நிரஞ்சனாவும் வந்திருந்தாள். நாற்காலிகளை வட்டமாகப் போட்டு எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். தயாநிதி பேசினார். மன்னிப்பு என்பது எல்லோருக்கும் வராது என்றார். பொன்னாடையைப் போர்த்தினார். பிரதீப் படம் எடுத்தார். பிறகு, மேடம் இரண்டு வார்த்தை பேசட்டும் என்றார்கள்.

முதலில் பட்டையைக் கட்டிவிடட்டுமா என்று நிரஞ்சனா மெல்லக் கேட்டாள். பேசி முடித்துவிடுகிறேன் என்றாள் சங்கமித்ரா.

அவள் பொன்னாடையை எடுத்து மடித்து மேசைமேல் வைத்தாள். மன்னிப்பதற்கு எதுவும் இல்லை, அபினேஷ் குடை கொடுக்க வந்தான் என்று தொடங்கினாள். அவளுடைய பெருந்தன்மையை முன்பே கேள்விப்பட்டிருந்தவர்கள் புன்னகைத்தார்கள். அவள் நிறுத்தவில்லை.

“இருட்டா இருந்ததுன்னு விசாரணையில பொய் சொன்னேன். எனக்கு அவனை நல்லாத் தெரிஞ்சது. அவன் போர்டுப் பையன்கிறதால பயந்தேன். மாசக் கணக்கா அவனைப் பார்க்கும்போதெல்லாம் பட்டை அதிர்ந்தது, தெரிஞ்சும் சும்மா இருந்தேன். என்னாலதான் அவன் பக்கத்து வாசல்ல வர்றான். இதை இன்னைக்கே அதிகாரிகிட்டயும் போய்ச் சொல்லப் போறேன். நான் இனிமே வகுப்புக்குப் போக முடியாது, அது தெரியும்.”

அவள் வட்டத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள்.

“ஒண்ணு மட்டும் கேக்கறேன். பக்கத்து வாசல்ல வர்ற மத்த பிள்ளைங்க என் பட்டையால வரலை. உங்க பட்டைங்களாலதான் வர்றாங்க. அவங்க என்ன பண்ணாங்க? உங்கள்ல யாராவது சொல்ல முடியுமா?”

 வேதியியல் ஆசிரியர் தரையைப் பார்த்தார். தயாநிதி எழுந்து எதையோ சொல்ல வாயெடுத்து, உட்கார்ந்துவிட்டார். அப்போது ஒரு மெல்லிய ரீங்காரம் கேட்டது, மூடிய டப்பாவுக்குள் வண்டு சுற்றுவது போல. பிரதீப் தன் மணிக்கட்டைப் பார்த்தார். சட்டைக் கையை அவசரமாக இழுத்துவிட்டார். துணிக்குள்ளிருந்து மஞ்சள் தெரிந்தது. அவருக்குப் பக்கத்தில் இருந்த ஆசிரியை முந்தானையால் கையை மூடிக்கொண்டாள். இன்னொரு ரீங்காரம். அடுத்த நாற்காலியில் இன்னொன்று. வட்டம் முழுவதும் ஒவ்வொன்றாக மஞ்சள் ஏறிக்கொண்டே வந்து, தலைமையாசிரியரின் கையில் முடிந்தது.

அந்த அறையில் நின்றுகொண்டிருந்தவள் சங்கமித்ரா ஒருத்திதான். எல்லோரும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“மேடம், உட்காருங்க,” என்றாள் நிரஞ்சனா.  “மெதுவா உட்காருங்க. கையை அசைக்காதீங்க.”

சங்கமித்ரா உட்காரவில்லை.